ஒரு ஐ.வி. ரிப்போர்ட்டும் ஒரு வேலை நீக்கமும்

ஐ.வி. ரிப்போர்ட் எப்படித் தயாராகும்னு உங்களுக்கே தெரியும். பஸ்ல பாட்டு, ஃபேக்டரி வாசல்ல குரூப் போட்டோ, உள்ளே ஒரு மணி நேரம். மெஷின் சத்தத்துல சூப்பர்வைசர் சொல்றதுல பாதி காதுல விழாது. திரும்பி வந்ததும் கம்பெனி வெப்சைட்ல இருக்கிற 'எங்களைப் பற்றி' பக்கம் ரிப்போர்ட்டா மாறிடும். சீனியரோட ரிப்போர்ட்ல தேதியை மட்டும் மாத்தறவங்களும் உண்டு.

நான் கேள்விப்பட்டதிலேயே பெரிய ஐ.வி. ரிப்போர்ட்டை எழுதியவர் இன்ஜினியர் கிடையாது. சீன மொழிச் செவ்விலக்கியம் படித்த ஒரு ஜப்பானிய வரலாற்றாசிரியர். பெயர் குமே குனிதாகே (ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில் வரும், அதனால் இனி குமே). 12 நாடுகள், ஒன்றே முக்கால் வருடப் பயணம், 5 தொகுதி, 100 அத்தியாயம், 300-க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்கள். 1878-ல் வெளிவந்தது. அரசாங்கம் பாராட்டி 500 யென் பரிசு கொடுத்தது, அன்றைக்கு அது பெரிய தொகை. பதினாலு வருஷம் கழிச்சு அதே அரசாங்கம் ஒரு கட்டுரைக்காக அவரைப் பேராசிரியர் வேலையிலிருந்து தூக்கிடுச்சு. ரிப்போர்ட்டை எழுதின முறையும் கட்டுரையை எழுதின முறையும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. எப்படின்னு பார்க்கலாம்.

உலை கட்டிய ஊர்

குமே 1839-ல் கியூஷூ தீவின் சாகா சிற்றரசில் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். ஜப்பான் தன் கதவுகளை ஏறக்குறைய மூடி வைத்திருந்த காலம் அது. ஐரோப்பியர்களில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் நாகசாகியில் இடம் உண்டு. அந்தத் துறைமுகத்துக்குக் காவல் நிற்கும் பொறுப்பு சாகாவுக்கும் இருந்ததால், வெளிநாட்டுக் கப்பல்களின் பீரங்கி எவ்வளவு பெரிசுன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு நேராகவே தெரியும்.

அதனால் சாகாவின் தலைவர் நபேஷிமா நவோமாசா ஒரு டச்சுப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பை வைத்தே 1850-ல் ரிவர்பரேட்டரி ஃபர்னஸ் கட்ட வைத்தார். எரிபொருள் ஒரு பக்கம், உலோகம் ஒரு பக்கம். தீயின் வெப்பம் வளைந்த கூரையில் பட்டுத் திரும்பி உலோகத்தை உருக்கும். ஜப்பானில் அந்த வகை உலை அதுதான் முதல். 1855-ல் அதே ஊரில் தனாகா ஹிசாஷிகேயும் அவர் கூட்டாளிகளும் ஓடக்கூடிய நீராவி ரயில் மாடல் ஒன்றைச் செய்தார்கள். இந்த தனாகா பின்னாளில் டோக்கியோவில் ஆரம்பித்த பட்டறைதான் தோஷிபாவின் வேர்களில் ஒன்று. மெக்கானிக்கல் பசங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

குமே படித்தது இது எதுவுமே இல்லை. சாகாவின் பள்ளியிலும், பிறகு எடோவில் (இன்றைய டோக்கியோ) ஷோகன் அரசின் கல்விக்கூடத்திலும் கன்ஃபூசிய நூல்களைப் படித்தார். ஊர் திரும்பி நவோமாசாவின் அருகில் இருந்து பணி செய்தார். 1868-ல் ஷோகன் ஆட்சி விழுந்து மெய்ஜி பேரரசரின் பெயரில் புது அரசு வந்தது. 1871-ல் சிற்றரசுகளும் ஒழிக்கப்பட்டன. அந்த வருடக் கடைசியில் குமேவுக்கு 32 வயதில் ஒரு வேலை வந்தது: இவாகுரா தோமோமி தலைமையில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் தூதுக்குழுவுக்குச் செயலர்.

நோட்டும் பேனாவும்

1871 டிசம்பர் 23-ம் தேதி யோகோஹாமாவிலிருந்து கப்பல் கிளம்பியது. மாணவர்கள், உதவியாளர்கள் எல்லாம் சேர்த்து நூறு பேருக்கு மேல். கிடோ, ஓகுபோ, இட்டோ என்று புது அரசின் பெரிய தலைகள் பலரும் அதில் இருந்தார்கள். ஆட்சிக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகல, பாதி கேபினட்டும் ஊர் சுற்றப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்களேன்.

மேற்கு நாடுகளோடு ஷோகன் காலத்தில் போட்ட சமமில்லாத ஒப்பந்தங்களைத் திருத்தப் பேசுவது ஒரு நோக்கம். அது வாஷிங்டனிலேயே படுத்துவிட்டது. கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம் கையில் இல்லை என்பதால் ஓகுபோவும் இட்டோவும் திரும்பவும் டோக்கியோ வரை போய் வர வேண்டியிருந்தது. வந்தும் பயன் இல்லை. மிஞ்சியது இன்னொரு நோக்கம்: இந்த நாடுகள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பது. அதைத்தான் குமே எழுதினார்.

1872 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை பிரிட்டனில் நாலு மாதம். லிவர்பூல் துறைமுகம், மான்செஸ்டர் பஞ்சாலைகள், ஷெஃபீல்டு எஃகு ஆலைகள், நியூகாசிலில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பீரங்கித் தொழிற்சாலை. ஒவ்வொரு இடத்திலும் மூலப்பொருள் எங்கிருந்து வருது, எந்த மெஷின்ல என்ன ஆகுது, சரக்கு எங்கே போய் விற்குதுன்னு குறித்துக்கொண்டே போகிறார். அன்றைக்கு மழையா வெயிலா என்பது உட்பட.

அவருக்கு இங்கிலீஷ் வராது. சத்சுமாவிலிருந்து முன்பே வெளிநாடு போய்ப் படித்திருந்த ஹதகேயாமா யோஷினாரி என்ற இளைஞர்தான் பெரும்பாலும் அவருக்கு வாயும் காதும். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நாம் ஒரு லேத் மெஷின் முன்னால நின்னு எத்தனை கேள்வி கேட்டிருப்போம்?

அந்தப் புத்தகத்தின் பக்க அமைப்பில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. பார்த்தது, கேட்டது ஒரு வகையாக அச்சாகியிருக்கும். அதைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லும்போது குமே அந்தப் பத்தியை ஓர் எழுத்து அளவு உள்ளே தள்ளிவிடுவார். ஆப்சர்வேஷன் தனி, இன்ஃபரென்ஸ் தனி. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல நமக்குச் சொல்லிக் கொடுத்ததேதான்.

அப்படி உள்ளே தள்ளிய பத்திகளில் ஒன்று ரொம்பப் பிரபலம். லண்டனையும் பாரிஸையும் பார்த்து மலைத்துப் போன ஜப்பானியர்களுக்கு அவர் சொல்வது: இந்தச் செல்வம் எல்லாம் 1800-க்குப் பிறகு வந்தது, நீராவிக் கப்பலும் ரயிலும் இந்த அளவுக்குப் பரவியது வெறும் 40 வருஷக் கதை. கணக்குப் போட்டுப் பாருங்க. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை திறந்தது 1830, குமே அங்கே போனது 1872. சரியாத்தான் சொல்லியிருக்கார். 'அவங்க எப்பவுமே முன்னேறினவங்க, நாம எப்பவுமே பின்தங்கினவங்க' என்ற பயத்தை ஒரே ஒரு தேதியை வைத்து உடைக்கிறார். ஒரு வரலாற்றாசிரியரால் மட்டும் செய்யக்கூடிய வேலை அது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் எழுதியதும் அதே ரகம். வரிசையாக வைத்த பழைய பொருள்களைப் பார்த்தால் எந்த நாடும் ஒரே ராத்திரியில் மாறவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அறிவு சேர்ந்துதான் வந்திருக்கிறது என்று தெரிகிறது என்கிறார். பழசை எல்லாம் குப்பையில் போடு என்று டோக்கியோவில் பலர் கத்திக்கொண்டிருந்த சமயத்தில் எழுதியது இது.

எல்லா இடத்திலும் அவர் கண் சரியாகப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன். திரும்பும் வழியில், 1873-ல், கப்பல் இலங்கையின் காலி துறைமுகத்தில் நின்றது. அந்தப் பச்சைப் பசேலென்ற கரையின் அழகில் சொக்கிப் போகிறார். கூடவே, மண் தானாக அள்ளிக் கொடுக்கிற வெப்ப நாடுகளில் மக்கள் உழைக்க மாட்டார்கள் என்ற முடிவுக்கும் வருகிறார். அதே வருடத்தில் அதே தீவின் மலைநாட்டில், தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் வெள்ளைக்காரர்களின் காப்பித் தோட்டங்களில் முதுகு ஒடிய உழைத்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியாது. சாம்பிள் சைஸ் ஒண்ணு, அதுவும் கடற்கரை. ஆனால் ஒன்றை விடாமல் குறித்திருக்கிறார்: ஐரோப்பாவில் அவ்வளவு மரியாதையாக இருந்த அதே இனத்தார், ஆசியாவுக்குப் பிழைக்க வருகிற கப்பலில் கறுத்த நிற மக்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஊர் திரும்பி அந்தக் குறிப்புகளைப் பல தடவை திருத்தி எழுதித்தான் 1878-ல் புத்தகமாக்கினார். இதன் முழு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2002-ல் வந்தது, ஒரே புத்தகமாகச் சுருக்கியது 2009-ல். தொடங்க நினைக்கிறவங்க சுருக்கத்தையே எடுங்க. ஐந்து தொகுதியையும் எடுத்தா செமஸ்டர் போயிடும்.

வீட்டுப் பக்கம் திரும்பிய கண்

1879-ல் குமே அரசின் வரலாற்று அலுவலகத்தில் சேர்ந்தார். அந்த அலுவலகம் ஏன் இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் சண்டை புரியும். பழங்காலத்தில் ஜப்பான் அரசவை ஆறு தேசிய வரலாறுகளை எழுத வைத்தது. ஆறாவது, 887-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. 1869-ல் மெய்ஜி பேரரசர் பெயரில் வந்த ஆணை, விட்ட இடத்திலிருந்து எழுதச் சொன்னது. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷ பேக்லாக்! புது ஆட்சிதான் முறையான ஆட்சி என்று அந்த வரலாறு காட்ட வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு.

குமேவின் மூத்த சகா ஷிகேனோ யாசுட்சுகு. இருவருக்குமே சீன மரபில் வந்த 'ஆதாரத்தைச் சோதி' என்ற பழைய படிப்பு முறை கையில் இருந்தது. 1887-ல் லுட்விக் ரீஸ் என்ற இளம் ஜெர்மானியர் டோக்கியோவின் இம்பீரியல் யூனிவர்சிட்டிக்கு வரலாறு சொல்லிக் கொடுக்க வந்தார். அவர் ஜெர்மன் முறையைக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்தன. மேற்கிலிருந்து இறக்குமதியான அறிவு மட்டும்தான் ஜப்பானை மாத்துச்சுன்னு சொல்றவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். 1888-ல் வரலாற்று அலுவலகமே யூனிவர்சிட்டிக்குள் வந்தது, குமே பேராசிரியரானார். அடுத்த வருடம் வரலாற்றுச் சங்கமும் அதற்கொரு இதழும் தொடங்கின.

அவர்கள் வேலை எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 'தைஹெய்கி' என்று 14-ம் நூற்றாண்டுப் போர்க்கதை ஒன்று உண்டு. அதில் கோஜிமா தகானோரி என்ற வீரன் வருவான். நாடு கடத்தப்படும் பேரரசருக்கு ஆறுதலாக, இரவோடு இரவாக ஒரு செர்ரி மரத்தின் பட்டையைச் சீவி அதில் கவிதை எழுதிவிட்டுப் போவான். ராஜ விசுவாசத்துக்கு ஜப்பான் முழுக்கத் தெரிந்த உதாரணம். ஷிகேனோ தேடிப் பார்த்தார். அந்தக் காலத்துக் கடிதம், ஆவணம் எதிலும் அந்தப் பெயர் இல்லை, கதையில் மட்டும்தான் இருக்கிறது. அப்படி ஒருவர் இருந்ததாகவே சொல்ல முடியாது என்று அறிவித்தார். ஜனங்கள் அவருக்கு 'அழித்தொழிக்கும் டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குமே இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் போர்க்கதையே வரலாற்றுப் படிப்புக்கு உதவாது என்று 1891-ல் எழுதினார். அதற்கு முன்பே, நல்லவனைப் புகழ்ந்து கெட்டவனைத் திட்டுவதற்காக வரலாறு எழுதும் பழக்கத்தைக் கழுவித் தள்ளுங்கள் என்றும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

இதுவரை வந்தது கோபம் மட்டும்தான். வேலை போகவில்லை.

1891 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, சங்கத்தின் இதழில் குமேவின் இன்னொரு கட்டுரை தொடராக வந்தது. தலைப்பின் பொருள்: ஷின்டோ என்பது வானத்தை வழிபட்ட பழைய வழக்கம். ஷின்டோவில் போதனை என்று எதுவும் இல்லை, அது மதமே அல்ல. தீமை விலக, நன்மை வர வானத்தை நோக்கிச் சடங்கு செய்வது பழங்காலத்தில் பல மக்களிடம் இருந்த வழக்கம். ஜப்பானில் இருப்பதும் அதன் மிச்சம். பேரரசரின் மூன்று புனிதச் சின்னங்களும் முதலில் அந்தச் சடங்கில் புழங்கிய பொருள்கள்தான். கட்டுரையின் சாரம் இது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஷின்டோ மதம் அல்ல என்பதுதான் அரசாங்கமும் சொல்லிக்கொண்டிருந்தது! 1889 அரசியலமைப்பு மத நம்பிக்கைக்குச் சுதந்திரம் கொடுத்தது. அப்படியிருந்தும் எல்லோரும் ஷின்டோ கோயிலில் தலை வணங்க வேண்டும் என்றால், அது மதமல்ல, நாட்டுச் சடங்கு, பேரரசரின் மூதாதையருக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லியாக வேண்டும். குமேவும் 'மதமல்ல' என்றுதான் எழுதினார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. எல்லா ஊரிலும் இருந்த ஒரு பழைய வழக்கம் என்று சொன்னால், ஜப்பானின் பேரரசர் மட்டும் சூரிய தேவியின் வழிவந்த தனிப்பிறவி என்ற பேச்சு ஆட்டம் காணும். அதே அரசியலமைப்பின் 3-ம் பிரிவு பேரரசர் புனிதமானவர், மீற முடியாதவர் என்கிறது. 1891 ஜனவரியில்தான் உச்சிமுரா கன்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர், பேரரசரின் கல்வி ஆணைக்கு முன்னால் போதுமான அளவு குனியவில்லை என்று வேலையை இழந்திருந்தார். காற்று எந்தப் பக்கம் வீசியது என்று புரிகிறதா?

சங்கத்தின் இதழைப் படித்தவர்கள் பெரும்பாலும் துறைக்காரர்கள். அங்கேயே நின்றிருந்தால் ஒருவேளை அமுங்கிப் போயிருக்கும். பத்திரிகையாளரும் பொருளாதார நிபுணருமான தகுச்சி உகிச்சி அதைப் படித்து அசந்து, 1892 தொடக்கத்தில் தன் சொந்த இதழில் மறுபதிப்புப் போட்டார். சும்மா போடவில்லை. ஷின்டோ வெறியர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் தோற்றுவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன் என்கிற தோரணையில் முன்னுரையும் சேர்த்தார். நம்ம பாஷையில சொன்னா, அடுத்தவர் போஸ்ட்டை எடுத்து 'பதில் சொல்லுங்க பார்ப்போம்'னு ஷேர் பண்ணின மாதிரி. எழுதியது ஒருத்தர், வம்புக்கு இழுத்தது இன்னொருத்தர், அடி வாங்கியது எழுதியவர்.

பிப்ரவரி 28-ம் தேதி ஷின்டோ பள்ளி ஒன்றைச் சேர்ந்த நாலு பேர் குமேவின் வீட்டுக்கே வந்தார்கள். ஐந்து மணி நேரம் வாக்குவாதம். கட்டுரையைத் திரும்பப் பெறு என்பதுதான் கோரிக்கை. அரசு அலுவலகங்களுக்கும் புகார் போனது. மார்ச் 3-ம் தேதி குமே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அடுத்த நாள் பணி இடைநீக்கம். அதற்கடுத்த நாள் அந்த இதழ்களுக்குத் தடை. மாதக் கடைசியில் வேலை நீக்கம். திரும்பப் பெற்றும் வேலை தப்பவில்லை.

அவர் பின்வாங்கியிருக்கக் கூடாது என்று சிலர் எழுதுகிறார்கள். 52 வயதில், வீட்டுக் கூடத்தில் நாலு பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. சக பேராசிரியர்களிடமிருந்து பெரிதாக ஒரு குரலும் எழவில்லை. இதழில் போட்டபோது படித்துத் தலையாட்டியவர்கள் அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

ஷெஃபீல்டு உலையைப் பார்த்து 'இது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது' என்று கேட்டதும், கோயில் சடங்கைப் பார்த்து அதையே கேட்டதும் ஒரே ஆள்தான். முதல் கேள்விக்கு 500 யென் கிடைத்தது. மெய்ஜி அரசு மேற்கிலிருந்து மெஷினை வாங்கியது, சட்டத்தை வாங்கியது, ராணுவத்தையும் வாங்கியது. கேள்வி கேட்கும் பழக்கத்தைத் தொழிற்சாலை கேட்டோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தது.

விளைவு

1893-ல் கல்வி அமைச்சர் இனோவே கோவாஷி அந்த வரலாற்று எழுதும் வேலையையே நிறுத்தினார், ஷிகேனோவும் வெளியேற வேண்டியதாயிற்று. 1895-ல் அலுவலகம் மறுபடி திறந்தது. ஆனால் இந்த முறை வரலாறு எழுதுவது கிடையாது, ஆவணங்களைத் தொகுத்து அச்சிடுவது மட்டும். 1901-ல் தொடங்கிய அந்தத் தொகுப்பு 'தாய் நிஹோன் ஷிரியோ'. 887-லிருந்து ஒவ்வொரு தேதிக்கும் என்ன நடந்தது என்று ஒரு வரி, அதன் கீழே அதைச் சொல்லும் ஆவணங்கள். டோக்கியோ யூனிவர்சிட்டியில் அந்த வேலை இன்னமும் நடக்கிறது, இன்னமும் முடியவில்லை. ரீடிங் எல்லாம் இருக்கும், ரிசல்ட் பக்கம் காலி. அலுப்பான வேலைதான். ஆனால் அரசாங்கம் எழுத நினைத்த ஒற்றைக் கதையைவிட, அடுத்து வந்த ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் காலிப் பக்கம்தான் அதிகம் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

பயம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 1911-ல் 14-ம் நூற்றாண்டில் இரண்டு அரசவைகள் இருந்ததைப் பள்ளிப் பாடநூலில் சமமாக எழுதியதற்காக கிட்டா சடாகிச்சி தண்டிக்கப்பட்டார். 1940-ல் ஜப்பானின் பழைய புராண நூல்களை ஆராய்ந்த ட்சுடா சோகிச்சியின் புத்தகங்கள் தடை செய்யப்பட்டன, அவர் கோர்ட் ஏறினார்.

குமேவுக்கு, அவருடைய சாகா ஊர்க்காரரும் பழைய நண்பருமான ஓகுமா ஷிகேனோபு கை கொடுத்தார். அரசியலில் பெரிய ஆள், ஒரு தனியார் கல்லூரியும் நிறுவியிருந்தார். இன்றைய வாசேடா யூனிவர்சிட்டி அதுதான். 1899-லிருந்து குமே அங்கே பழங்கால வரலாறும் பழைய ஆவணங்களைப் படிக்கும் முறையும் சொல்லிக் கொடுத்தார், 80 வயதைத் தாண்டியும். இளவரசர் ஷோடோகு பற்றி எழுதிய புத்தகத்தில் ஆதாரங்களை நம்பத்தக்கவை, பாதி நம்பத்தக்கவை, நம்ப முடியாதவை என்று தரம் பிரித்தார். அதே புத்தகத்தில் அந்த இளவரசர் குதிரை லாயத்தின் அருகே பிறந்த கதை, சீனா வழியாக வந்த இயேசு பிறப்புக் கதையின் சாயலாக இருக்கலாம் என்றும் ஒரு யூகத்தை விட்டெறிந்தார். இது எந்தத் தரத்தில் சேரும்னு அவரையே கேட்கணும்!

1931-ல், 91 வயதில், குமே காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1934-ல் புத்தகமாக வந்தன. ஐ.வி. ரிப்போர்ட்டுக்குக் கிடைத்த 500 யென்னைக் கொண்டு அவர் டோக்கியோவின் மெகுரோ பகுதியில் நிலம் வாங்கியிருந்தார். அப்போது அது ஊருக்கு வெளியே. இப்போது மெகுரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அவர் பெயரிலும், ஓவியரான அவர் மகன் கெய்இச்சிரோ பெயரிலும் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. அடித்துத் திருத்தி எழுதிய அந்தப் பயணக் கையெழுத்துப் படிகள் அங்கேதான் இருக்கின்றன.